தவளைக்கும் பன்றிக்கும் கல்யாணம் ஆனதா, ஆகலையா?

போன இதழில் ஒரு வாசகர், "மப்பெட்ஸ் படங்களை எந்த வரிசையில் பார்க்கணும்?" என்று கேட்டிருந்தார். "எந்த வரிசையிலும் பாருங்கள், ஒன்றுக்கொன்று ஒட்டாது" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். அவ்வளவுதான். திருநகரில் ஆரம்பித்து உசிலம்பட்டி வரைக்கும் சண்டைக்கு வந்துவிட்டார்கள். மதுரைப் பக்கம் இத்தனை பேர் இந்தப் பொம்மைகளை இவ்வளவு உன்னிப்பாகப் பார்க்கிறார்கள் என்பதே சந்தோஷம்தான். அதனால் இந்த இதழ் முழுக்க அவர்களுக்கே.

பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. மப்பெட்ஸ் என்பது அமெரிக்கப் பொம்மலாட்டக்காரர் ஜிம் ஹென்சன் உருவாக்கிய துணிப் பொம்மைக் கூட்டம். தலைவர் கெர்மிட், தவளை. அவரை விடாமல் துரத்தும் மிஸ் பிக்கி, பன்றி. கடி ஜோக் கரடி ஃபோஸி. என்ன பிராணி என்றே சொல்லமுடியாத நீலமூக்கு கோன்ஸோ. 1976 முதல் 1981 வரை 120 எபிசோடு டிவியில் வந்தார்கள், 1979-லிருந்து சினிமாவிலும் வருகிறார்கள். சரி, கேள்விக்குப் போவோம்.

சார், 1979 படத்தில் கெர்மிட் சதுப்பு நிலத்திலிருந்து கிளம்பி, வழியில்தான் ஃபோஸி, கோன்ஸோ, பிக்கி எல்லாரையும் முதல்முறை சந்திக்கிறார். 1984 படத்தில் எல்லாரும் ஒரே காலேஜில் படித்து முடிக்கிறார்கள். கார்ட்டூனில் பார்த்தால் டயப்பர் கட்டிய காலத்திலிருந்தே ஒரே வீட்டில் வளர்கிறார்கள். எது நிஜம்? எல்லாம் ஒரே உலகம் என்று சிலர், தனித்தனி என்று சிலர், எங்கள் செட் இரண்டாகப் பிரிந்து, தோற்றவன் எல்லாருக்கும் கறி தோசை வாங்கித் தரணும் என்று பந்தயம். தீர்ப்பு சொல்லுங்கள்.
— கல்லூரி மாணவர், திருநகர்

தம்பி, 1979 படத்தின் முதல் சில நிமிடங்களை உங்கள் செட்டில் யாரும் கவனித்துப் பார்க்கவில்லை போலிருக்கிறது. படம் சதுப்பு நிலத்தில் ஆரம்பிப்பதில்லை. ஒரு ஸ்டூடியோவின் பிரிவியூ அறையில் ஆரம்பிக்கிறது. மொத்தக் கூட்டமும் தங்கள் படத்தைத் தாங்களே பார்க்க வந்து உட்கார்ந்திருக்கிறது. கெர்மிட்டின் அண்ணன் மகனோ அக்கா மகனோ, பொடியன் ராபின் கேட்கிறான்: மாமா, நாமெல்லாம் நிஜமாகவே இப்படித்தான் சேர்ந்தோமா? கெர்மிட் கொஞ்சம் யோசித்து, ஏதோ கிட்டத்தட்ட இப்படித்தான் நடந்தது என்கிறார். எனக்குத் தெரிந்து இந்த மொத்த வரிசைக்கும் சாவி அந்தப் பதில்தான். நாம் பார்ப்பது நடந்த கதை இல்லை, நடந்த கதையை வைத்து இவர்கள் நடித்த படம்.

அதாவது இது ஒரு நாடகக் கம்பெனி. ஆள் அதே ஆள், வேஷம் வேறு. 1981 படத்தில் கெர்மிட்டும் ஃபோஸியும் பத்திரிகை நிருபர்கள், 1992-ல் கெர்மிட் லண்டனில் கிளார்க், 1996-ல் கப்பல் கேப்டன். இதையெல்லாம் ஒரே ஆளின் வாழ்க்கை வரலாறாகக் கோர்க்கப் போனால் பைத்தியம்தான் பிடிக்கும். அதிலும் அந்த 1981 படத்தில் டைட்டில் ஓடும்போதே மூவர் பலூனில் பறந்துகொண்டு, திரையில் வரும் பெயர்களைப் பற்றிக் கமென்ட் அடிக்கிறார்கள். நடுவில், தன் சகோதரன் எப்பேர்ப்பட்ட ஊதாரி என்பதை பேஷன் டிசைனர் லேடி ஹாலிடே மூச்சுவிடாமல் விவரிக்க, இதை ஏன் என்னிடம் சொல்கிறீர்கள் என்று பிக்கி கேட்டால், கதை விளக்கத்தை எங்கேயாவது சொல்லித்தானே ஆகணும் என்று பதில் வருகிறது. இப்படி ஒரு படத்திடம் போய்க் கன்டினியூட்டி கேட்பது, பபூனிடம் ஆதார் கார்டு கேட்பது மாதிரி.

கார்ட்டூன் விஷயத்தில் மட்டும் ஒரு நுணுக்கம். அந்தக் குழந்தைகள் முதலில் தலைகாட்டியது 1984 படத்திலேயே. நாம் சின்ன வயதிலிருந்தே பழகியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று பிக்கி கற்பனை செய்கிற ஒரு பாட்டுக் காட்சி அது. மக்களுக்கு அது பிடித்துப்போக, அதே ஆண்டு கார்ட்டூனாக்கிவிட்டார்கள். ஆக அந்த நர்சரி மொத்தமும் பிக்கியின் ஆசைக்கனவின் நீட்சி. அதில் மேடை எடுபிடிப் பையன் ஸ்கூட்டருக்கு ஸ்கீட்டர் என்று ஒரு இரட்டைச் சகோதரி இருந்தாள், பெரியவர்கள் நடிக்கும் படங்களில் அவளைக் காணோம். கனவில் வந்தவள், என்ன செய்ய?

'எல்லாம் ஒரே உலகம்' என்ற கட்சிதான் தோசைக்குப் பணம் எடுத்து வைக்கணும்.

1981 படத்தில் தவளையும் கரடியும் அச்சில் வார்த்த மாதிரி இரட்டையர்கள் என்கிறார்களே, இது லாஜிக் ஓட்டை இல்லையா?
— வாசகர், வாடிப்பட்டி

இல்லை. தொப்பி போட்டவர் ஃபோஸி, போடாதவர் கெர்மிட். இதற்கு மேல் விளக்கினால் ஜோக் செத்துவிடும்.

கெர்மிட்டுக்கும் பிக்கிக்கும் 1984 படத்தின் கடைசியில் கல்யாணம் நடக்கிறது. ஆனால் அடுத்தடுத்த படங்களில் அவள் இன்னும் கல்யாணத்துக்கு அலைகிறாள். கல்யாணம் ஆனதா, ஆகலையா? ஒரு பெண்ணின் வாழ்க்கைப் பிரச்சினை இது, விளையாட்டாகப் பதில் சொல்லாதீர்கள்.
— இல்லத்தரசி, செல்லூர்

தாயி, விளையாட்டே இல்லை. கல்யாணம் நடந்தது நாடகத்துக்குள் ஒரு நாடகத்தில். பிராட்வே மேடையில் கடைசிக் காட்சி கல்யாணம், பாதிரியார் வேஷம் கோன்ஸோவுக்கு. திரும்பிப் பார்த்தால் கோன்ஸோ நிற்கவேண்டிய இடத்தில் அசல் பாதிரியார் நிற்கிறார். கெர்மிட் முழிக்கிற முழியை ஒருமுறை நிறுத்திப் பாருங்கள், துணிக்குள் இருக்கும் ஐந்து விரலால் அப்படி ஒரு திகைப்பைக் காட்டமுடியுமா என்று இருக்கும். அன்றிலிருந்து அம்மா கட்சி அது நிஜக் கல்யாணம், ஐயா கட்சி அது வெறும் ஷூட்டிங். 2015 ஆகஸ்டில் புதுத் தொடர் வரும் நேரம் பார்த்து இருவரும் பிரிந்துவிட்டதாக அறிவித்தார்கள், அப்போதும் அறுத்துக்கட்டியதாக இல்லை, காதல் முறிவு என்றுதான் பேச்சு.

அது கிடக்கட்டும். கல்யாணத்தில் கதை இடிப்பது மதுரைக்காரருக்குப் புதுசா என்ன? தங்கை மீனாட்சியின் கல்யாணத்துக்கு மலையிலிருந்து கிளம்பும் அழகர், மண்டகப்படி மண்டகப்படியாக நின்று நின்று வந்து, ஆற்றில் இறங்கும்போது தாலி கட்டி முடிந்தது என்று கேள்விப்பட்டு, கோபித்துக்கொண்டு ஊருக்குள் வராமல் வண்டியூருக்குத் திரும்பிவிடுகிறார். சரி. கம்பத்தடி மண்டபத்தில் போய் நின்று பாருங்கள், தங்கையைத் தாரை வார்த்துக் கொடுப்பதே பெருமாள்தான். திருக்கல்யாணத்துக்குத் திருப்பரங்குன்றத்திலிருந்து பவளக்கனிவாய்ப் பெருமாள் நேரத்துக்கு வந்துவிடுகிறார். வந்தவரும் பெருமாள், பிந்தியவரும் பெருமாள். மாசியில் நடந்த கல்யாணத்தைத் திருமலை நாயக்கர் சித்திரைக்குக் கொண்டுவந்து அழகர் திருவிழாவோடு சேர்த்தபோது இரண்டு கதைகள் ஒரே வாரத்தில் மாட்டிக்கொண்டன. கோயில் சொல்லும் கதைப்படியோ அழகர் வருவதே துர்வாசர் சாபத்தால் தவளையாகிக் கிடந்த மண்டூக மகரிஷிக்கு விமோசனம் கொடுக்கத்தான். (அங்கேயும் தவளைதான், பார்த்துக்கொள்ளுங்கள்.) தோல்பையில் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு ஆற்றில் நிற்கிற யாராவது, "இதில் கன்டினியூட்டி இடிக்குதே" என்று திரும்பிப் போயிருக்கிறாரா?

பிக்கிக்கு என் ஓட்டு. பாதிரியார் அசல் என்றால் கல்யாணமும் அசல்.

1979 படத்தில் எலெக்ட்ரிக் மேஹெம் பாட்டுக்குழுவிடம் கெர்மிட் கோஷ்டி படத்தின் ஸ்கிரிப்டையே கொடுக்கிறது. பிறகு கோஷ்டி பாலைவனத்தில் வண்டி நின்று மாட்டிக்கொள்ளும்போது, அந்தக் குழு ஸ்கிரிப்டைப் படித்து இடம் தெரிந்துகொண்டு வந்து காப்பாற்றுகிறது. இதற்கு என்ன சமாதானம்?
— ஐடிஐ மாணவர், அலங்காநல்லூர்

சமாதானம் தேவையில்லை, இதுதான் அந்தப் படத்தின் உச்சம். முதல் தடவை ஸ்கிரிப்ட் கை மாறும்போது அது ஒரு குறுக்குவழி ஜோக். நடந்த கதையைத் திரும்பச் சொல்லிப் பார்ப்பவர்களை அறுக்காமல், இந்தா படிச்சுக்கோ என்று நீட்டிவிடுகிறார்கள். நாமும் சிரித்துவிட்டு மறந்துவிடுகிறோம். அரை மணி கழித்து அதே காகிதம் உயிர் காக்க வரும்போதுதான், எழுதியவர்கள் எவ்வளவு கெட்டிக்காரர்கள் என்று உறைக்கிறது. ஓட்டை என்பது எழுதியவருக்குத் தெரியாமல் விழுவது. இது தெரிந்தே போட்ட கதவு. கடைசியில் ஸ்டூடியோ செட் சரிந்து கூரையில் நிஜமாகவே ஒரு பெரிய ஓட்டை விழும், அது வழியாக வானவில் இறங்கும், கீழே 250-க்கும் மேற்பட்ட பொம்மைகள் நின்று பாடும். ஓட்டை விழுந்தால் இப்படி விழணும்.

என் மகள் கவனித்துச் சொன்னாள்: இந்தப் பொம்மைகளில் முக்கால்வாசி இடது கைப் பழக்கம் உள்ளவை. பிலிமைத் திருப்பிப் போட்டுவிட்டார்களா?
— தையல் கடைக்காரர், திருமங்கலம்

உங்கள் மகளுக்கு ஒரு சபாஷ். பிலிம் சரியாகத்தான் இருக்கிறது. ஆட்டுபவர் கீழே நின்று, தலைக்கு மேல் வலது கையைத் தூக்கி, அதைப் பொம்மையின் தலைக்குள் விட்டிருக்கிறார். கட்டைவிரல் கீழ்த்தாடை, மற்ற நாலும் மேல்தாடை. வாய் அசைவு பேச்சோடு ஒட்டணும் என்பதால் பழகிய கை அங்கே போய்விடுகிறது. மிச்சம் இருப்பது இடது கைதான். கெர்மிட் மாதிரிப் பொம்மைகளுக்கு மணிக்கட்டில் மெல்லிய கம்பி இருக்கும், அதைப் பிடித்து ஆட்டுவதும் அந்த இடது கையே. ஃபோஸி மாதிரிக் கையுறைக் கை உள்ளவர்களுக்கு இன்னொருவர் பக்கத்தில் ஒட்டி நின்று வலது கையை மட்டும் நுழைப்பார். கோழியைத் துரத்தும் ஸ்வீடன் சமையல்காரருக்கு இருப்பது அசல் மனிதக் கைகள்: தலை ஹென்சன், இரண்டு கைகளும் சக பொம்மலாட்டக்காரர் ஃபிராங்க் ஆஸ். ஒருவர் பேச, என்ன செய்யப்போகிறது என்று அவருக்கே தெரியாத இன்னொருவர் கை காய்கறியை வீசும். இத்தனையும் கீழே வைத்திருக்கும் டிவி திரையைப் பார்த்துக்கொண்டே செய்யவேண்டும். சதுப்பு நிலத்தில் கெர்மிட் பாஞ்சோ வாசிக்கும் காட்சிக்கு, ஹென்சன் தண்ணீருக்கு அடியில் ஒரு இரும்புத் தொட்டிக்குள் முடங்கி உட்கார்ந்திருந்தார். அந்தப் பாட்டைப் பார்க்கும்போது இதை நினைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கோன்ஸோ வேற்றுக்கிரகவாசி என்று 1999 படத்தில் சொன்னதை ஏற்கிறீர்களா?
— பள்ளி ஆசிரியர், உசிலம்பட்டி

ஏற்கவில்லை. ஆதாரம் இருப்பது தெரியும்: 1979 படத்தில் பாலைவன இரவில் வானத்தைப் பார்த்து, அங்கே ஒருநாள் திரும்பிப் போவேன் என்று அவர் பாடும் பாட்டு. அதைப் பிடித்துக்கொண்டுதான் உங்கள் கட்சி பேசுகிறது. ஆனால் அந்தப் பாட்டு மனதைப் பிசைவதே, எங்கே திரும்புவது என்று பாடுகிறவருக்கும் தெரியாததால்தான். விலாசம் கொடுத்துவிட்டால் அது வெறும் பஸ் டிக்கெட். என்ன பிராணி என்று தெரியாமல், தெரியாததைப் பற்றிக் கவலையும் இல்லாமல், கோழிகளைக் காதலித்துக்கொண்டு, பீரங்கியிலிருந்து தன்னைத்தானே சுட்டுக்கொள்கிற ஒருவருக்குச் சொந்த ஊர் கண்டுபிடித்துக் கொடுத்தது வேண்டாத உதவி. பின்னால் வந்த 2011 படமும் அதைக் கண்டுகொள்ளாமல், அவரைக் கழிப்பறைச் சாமான் வியாபாரத்தில் பெரும்புள்ளியாக்கிவிட்டது. அந்தப் பொம்மையே 1970-ல் ஒரு கிறிஸ்துமஸ் நிகழ்ச்சியில் வேறு பெயரில் சில்லறை வேஷம் கட்டி, பிறகு வேலை கிடைத்த பொம்மை. அதுதான் எனக்குப் போதுமான பூர்வீகம்.

எதைக் கேட்டாலும் 'அது ஜோக்' என்று தப்பிக்கிறீர்கள். 2014 படத்தில் கன்னத்தில் ஒரு மரு ஒட்டியதும் கெர்மிட்டை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. நிஜமான ஓட்டை ஒன்றாவது உண்டா, இல்லையா?
— செல்போன் கடைக்காரர், மேலூர்

மரு ஒட்டினால் ஆள் மாறிவிடும் என்பதைத் தமிழ் சினிமா பார்த்து வளர்ந்த நாமே கேள்வி கேட்டால் எப்படி? கான்ஸ்டன்டைன் என்கிற திருட்டுத் தவளை தன் மருவைப் பச்சைச் சாயம் பூசி மறைத்துக்கொண்டு, கெர்மிட்டுக்கு ஒரு மருவை ஒட்டி சைபீரியச் சிறைக்கு அனுப்பிவிடுகிறது. தொண்டையில் ஏதோ சிக்கியது போன்ற ரஷ்ய உச்சரிப்பில் அது பேசினாலும் யாரும் சந்தேகப்படவில்லை. ஆனால் அந்தப் படத்தின் வலியே அதுதான். இத்தனை வருஷம் கூட இருந்தவர்கள் ஆள் மாறியதைக் கூடக் கவனிக்கவில்லையே என்று கெர்மிட் நொந்துபோகிறார். அதனால் அதை விட்டுவிடுகிறேன்.

என் பட்டியலில் உள்ள நிஜ ஓட்டை 2011 படம். பழைய தியேட்டரை எண்ணெய் முதலாளி ஒருவர் இடிக்கப் பார்க்கிறார், மீட்க 1 கோடி டாலர் வேண்டும். டிவி நிகழ்ச்சி நடத்தி வசூல் செய்கிறார்கள், கடைசியில் பணம் பத்தவில்லை, தோற்றுவிட்டோம் என்று வெளியே வந்தால் தெருவெல்லாம் ரசிகர்கள். அருமையான முடிவு. அதோடு விட்டிருக்கலாம். எழுத்து ஓடும்போது, முதலாளி தலையில் பந்து விழுந்து மனம் மாறித் தியேட்டரைத் திருப்பிக் கொடுத்துவிட்டார் என்று போகிறபோக்கில் சொல்கிறார்கள். ஒன்றரை மணி நேரம் எதற்காக அலைந்தோமோ அது ஓரமாக முடிகிறது. இது ஜோக் இல்லை, சோம்பேறித்தனம். அதைவிட எனக்கு உறுத்துவது இன்னொன்று. பழைய டிவி நிகழ்ச்சியில் ஸ்கூட்டருக்கு வேலை கிடைத்ததே அந்தத் தியேட்டர் அவன் மாமாவுடையது என்பதால்தான், அதைச் சொல்லிச் சொல்லியே கெர்மிட்டை மிரட்டுவான். 2011-ல் தியேட்டர் பறிபோகும்போது மாமா எங்கே? ஒருவர் வாயிலும் அந்தப் பெயர் வரவில்லை. மருமகன் கூகுளில் வேலை பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறான். தன் கதையில் தானே வைத்த விதியைத் தானே மறந்தால் அதற்குப் பேர் ஓட்டை.

ஒன்றில் மட்டும் இவர்கள் கணக்குச் சுத்தம். 2014 படத்தின் முதல் பாட்டிலேயே, இது இரண்டாம் பாகம் என்று எல்லாரும் குதிக்கும்போது, விஞ்ஞானிப் பொம்மை டாக்டர் பன்சன் குறுக்கே வந்து, சரியாகச் சொன்னால் இது ஏழாவது தொடர்ச்சி என்று திருத்துவார். ஊருக்கு ஒருத்தர் அப்படி இருக்கிறார். மேலூருக்கு நீங்கள்.

செசமி ஸ்ட்ரீட் என்ற குழந்தைகள் டிவி நிகழ்ச்சியில் வரும் ஹென்சனின் மஞ்சள் பறவை பழைய படங்களில் வந்தது. இப்போது ஏன் வருவதில்லை? கதையில் காரணம் சொன்னார்களா?
— வாசகி, சோழவந்தான்

கதையில் இல்லை, பத்திரத்தில் இருக்கிறது. 2004-ல் மப்பெட்ஸ் டிஸ்னிக்குப் போனது, செசமி ஸ்ட்ரீட் பொம்மைகள் தனி நிறுவனத்திடம். பாகப்பிரிவினை. 1987 கிறிஸ்துமஸ் நிகழ்ச்சியில் மொத்தக் குடும்பமும் ஃபோஸியின் அம்மா வீட்டில் தங்க இடமில்லாமல் முட்டி மோதுவதைத் தேடிப் பாருங்கள், அப்புறம் அப்படி ஒரு கூட்டம் கூடுவது அபூர்வமாகிவிட்டது.

நம்ம ஊர் தோல்பாவைக் கூத்தில் இப்படி யாராவது கன்டினியூட்டி பார்த்ததுண்டா?
— ஓய்வு பெற்ற தபால்காரர், திருப்பரங்குன்றம்

நல்ல கேள்வி ஐயா. உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் உங்களுக்கு ஞாபகம் இருப்பார்கள். ராமாயணம் ஓடும்போது நடுவில் வருவார்கள், நல்லதங்காள் கதையிலும் வருவார்கள், அரிச்சந்திரன் கதையிலும் வருவார்கள். ராமன் காலத்து ஆள் நல்லதங்காள் பஞ்சத்தில் எப்படி என்று யாரும் கேட்பதில்லை, அவர்கள் பேசுவதும் அந்தக் காலத்துப் பேச்சு இல்லை, கூத்து நடக்கிற ஊரின் ரேஷன் கடை, பஸ் ஸ்டாண்டு, எலக்‌ஷன். வெள்ளை வேட்டித் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து ராமனுக்கும் சீதைக்கும் ராவணனுக்கும் குரல் கொடுக்கிற அதே ஒருவர்தான் இவர்களுக்கும் கொடுப்பார். ஆட்டுத்தோலில் வெட்டிய ராமன் கதைக்குக் கட்டுப்பட்டவர், வசனத்தை மாற்றினால் பெரியவர்கள் சத்தம் போடுவார்கள். கோமாளிகள் யாருக்கும் கட்டுப்பட்டவர்கள் இல்லை. மப்பெட்ஸ் செய்தது, ராமன் இல்லாமல் கோமாளிகளை மட்டும் வைத்து முழு ராத்திரியையும் ஓட்டியதுதான்.

தங்களை ஆட்டுவிக்கிற மனிதரை அந்தப் பொம்மைகளுக்குத் தெரியுமா? இதற்கு ஒரு படம் ஒன்று சொல்கிறது, இன்னொன்று வேறு சொல்கிறது.
— நூலகர், கோ.புதூர்

இத்தனை கடிதத்திலும் என்னை உட்காரவைத்த கேள்வி இதுதான். 1987 நிகழ்ச்சியின் முடிவில் எல்லாரும் கூடத்தில் பாட, சமையலறை வாசலில் ஒரு தாடிக்காரர் எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டு, நாய் ஒன்றைத் துணைக்குக் கூப்பிட்டுப் பாத்திரம் கழுவப் போவார். அவர் ஹென்சன். அவர்கள் யாரும் அவரைக் கவனிப்பதில்லை. 2002-ல் வந்த கெர்மிட்டின் பால்யக் கதையிலோ சிறுவன் ஹென்சனும் சிறு கெர்மிட்டும் நேருக்கு நேர் சந்திக்கிறார்கள். நிஜத்தில் ஹென்சன் 1955-ல் அம்மாவின் பழைய பச்சைக் கோட்டை வெட்டி, பிங்பாங் பந்தைப் பாதியாக்கிக் கண் வைத்துச் செய்ததுதான் கெர்மிட். அப்போது அது தவளையே இல்லை, பல்லி மாதிரி ஏதோ ஒன்று.

16 மே 1990-ல் ஹென்சன் இறந்தார், வயது 53. அந்த ஆண்டு நவம்பரில் ஒரு அஞ்சலி நிகழ்ச்சி ஒளிபரப்பினார்கள். அதில் கெர்மிட் வெளியூரில் இருக்கிறார். ஜிம் ஹென்சன் என்பவருக்கு ஒரு நிகழ்ச்சி செய்யச்சொல்லி மற்றவர்களிடம் பொறுப்பு வருகிறது. யார் அவர் என்று இவர்களுக்குச் சரியாகத் தெரியவில்லை. தடபுடலாக ஏற்பாடு நடக்கிறது, கோமாளித்தனம் எல்லாம் உண்டு, நடுவில் ரசிகர்களிடமிருந்து வந்த கடிதக் கட்டு ஒன்றைப் பிரித்துப் படிக்கும்போதுதான் அவர் இறந்துவிட்டார் என்பதே தெரியவருகிறது. கெர்மிட் கடைசியில் வருகிறார், ஸ்டீவ் விட்மைர் கையில், அவர் குரலில். அதற்கு முன் முப்பத்தைந்து வருஷம் அது ஹென்சனின் குரல்.

1987-ஐயும் 1990-ஐயும் 2002-ஐயும் ஒன்றாகக் கட்டமுடியாது. மூன்றில் எது சரி என்று கேட்டால் 1990 என்பேன். கூடவே இருந்தவரை அவர் போனபிறகு கடிதம் படித்துத் தெரிந்துகொள்வது பொம்மைகளுக்கு மட்டும் நடப்பதில்லை.

பால்கனியில் உட்கார்ந்து திட்டிக்கொண்டே இருக்கிற ஸ்டாட்லர், வால்டார்ஃப் என்ற அந்த இரண்டு கிழவர்களுக்கு நிகழ்ச்சி பிடிக்கவில்லை என்றால் ஏன் வாராவாரம் வருகிறார்கள்? இதுதான் மொத்தத்திலும் பெரிய ஓட்டை. இப்படிக்கு, இந்தப் பகுதியில் வரும் பதில்கள் இப்போதெல்லாம் சுத்தமாக ரசிக்கவில்லை என்று ஏற்கெனவே எழுதியவன்.
— வாசகர், கீழமாசி வீதி

நியூயார்க் ஓட்டல்களின் பெயரை வைத்துக்கொண்டு திரியும் அந்த இரண்டு பெருசுகளுக்கும் காரணம் தெரியாது. டைட்டில் பாட்டிலேயே, நாம் ஏன் இங்கே வருகிறோம் என்று அவர்களே கேட்டுவிட்டு, அது நமக்குத் தெரியப்போவதில்லை என்று அவர்களே பாடிவிடுகிறார்கள். உங்கள் கடிதம் கிடைத்தது. போன மாதக் கடிதமும் கிடைத்தது. அதற்கு முந்தினதும் பத்திரமாக இருக்கிறது. அடுத்த இதழ் 1-ஆம் தேதி கடைக்கு வரும்.